ஒரே வீட்டில் மூன்று மதம்

சீனக் குடும்பத்தின் சமையலறைக்குள் நுழைந்தால், அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு வர்ணப் படம் ஒட்டியிருப்பதைக் காணலாம். வெகு காலமாக இருந்துவரும் வழக்கம் இது. அதில் வீற்றிருப்பவர் அடுப்பங்கரைத் தெய்வம். வருஷம் முழுவதும் அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். யார் யாருடன் சச்சரவிட்டார்கள், மாமியார் மருமகளை எப்படி நடத்தினாள், தானியத்தை வீணாக்கியவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சீனப் பஞ்சாங்கப்படி பன்னிரண்டாம் மாதம் 23-ந் தேதியன்று, தென் பகுதிகளில் 24-ந் தேதியன்று, அவர் வானுலகம் சென்று தேவர்களின் சக்கரவர்த்தியிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றிய விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். ஆகையால் அவர் புறப்படும் நாளில் வீட்டார் படத்தின் உதடுகளிலே பிசுபிசுக்கும் சர்க்கரைப் பாகைத் தடவுகிறார்கள். வாய் ஒட்டிக்கொண்டால் கோள் சொல்ல முடியாது. மீறித் திறந்தாலும் இனிப்பான வார்த்தையே வெளிவரும் அல்லவா? பிறகு படத்தைக் கொளுத்துகிறார்கள். புகையோடு புகையாக அவர் மேலே செல்கிறார். புது வருஷத்துக்குப் புதுப் படம் வருகிறது.

இதைக் கேட்டு நேயர்கள் புன்னகை புரியக் கூடும். சீனர்களும் புன்னகையுடனேதான் இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டுக்குள்ளே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சீன தேசத்தில் தெய்வ வழிபாட்டின் முதல் ஸ்தலம் கோயிலன்று, வீடு. அரசர்களும் மந்திரிகளும், பாதிரிமார்களும் புரட்சிக்காரர்களும் அந்த வழிபாட்டைத் தங்கள் வசப்படுத்தவோ, திருத்தவோ, அடியோடு ஒழிக்கவோ முயன்ற பொழுதெல்லாம் கடைசியில் வந்து முட்டிக்கொண்டது அந்த வீட்டுச் சுவரின் மேல்தான். அந்த வரலாற்றையே இங்கே ஒருவாறு சொல்லப் புகுகிறோம்.

மதம் என்ற சொல்லே இல்லை

'மதம்' என்று நாம் கூறுவதற்குச் சரியான சொல் பழைய சீன மொழியில் இல்லை. இப்பொழுது வழங்கும் சொல், 19-ம் நூற்றாண்டில் ஜப்பானியர் மேனாட்டு நூல்களை மொழிபெயர்க்கும்பொழுது அமைத்துக்கொண்டு, பின்னர் சீனர் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னர் அவர்கள் 'போதனை' என்றே சொன்னார்கள். அவ்வாறு மூன்று போதனைகள் உண்டு. கி.மு. 551 முதல் 479 வரையில் வாழ்ந்த கன்பூசியஸின் போதனை ஒன்று. லாவோட்ஸே என்னும் ஞானியின் பெயரால் வழங்குவதும், கி.பி. 142-ல் சாங் டாவ்லிங் என்பவருக்குக் கிடைத்த தரிசனத்திலிருந்து குருபரம்பரையாக உருவெடுத்ததுமான 'தாவ்' மார்க்கம் மற்றொன்று. நம் தேசத்திலிருந்து மத்திய ஆசியாவின் மணல் வழியாகவும் கடல் வழியாகவும் சென்று, கி.பி. முதல் நூற்றாண்டுக்குள் அங்கே வேரூன்றிய புத்த தர்மம் மூன்றாவது.

இந்த மூன்றில் ஒன்றைத்தான் கைக்கொள்ள வேண்டும் என்று சாமானியச் சீனர் ஒருபொழுதும் எண்ணியதில்லை. தகப்பனார் காலமானால் துக்கம் அனுஷ்டிக்கும் முறையைக் கன்பூசிய நூல்கள் விதிக்கும். அவருடைய ஆன்மா நற்கதி அடையப் புத்த பிக்ஷுக்கள் வந்து சூத்திரம் ஓதுவார்கள். பேய் பிசாசுகளின் தொல்லை நீங்கத் தாவ் மார்க்கத்துக் குருக்கள் வந்து சாந்தி செய்வார். மூவருக்கும் தக்ஷிணை உண்டு. மூவரும் ஒரே வாசற்படி வழியாகத்தான் வருவார்கள். வந்தவர்களில் யாரும் மற்றவரை வெளியே போகச் சொல்வதில்லை. வீட்டுக்காரரைப் பார்த்து, "நீர் யாரைச் சேர்ந்தவர்?" என்று கேட்பதுமில்லை.

முன்னோர் பலகை

இந்த வீட்டு மதத்தின் உயிர்நாடி, முன்னோர்களின் பெயர் பொறித்த சிறிய மரப்பலகை. ஒருவர் இறந்தபின் அவருடைய பெயரும் பிறந்த, இறந்த காலங்களும் அதில் எழுதப்படும். ஆனால் கடைசி எழுத்தில் ஒரு புள்ளியை மாத்திரம் வைக்காமல் விட்டுவிடுவார்கள். கல்வியிலோ பதவியிலோ சிறந்த பெரியவர் ஒருவரை மரியாதையுடன் அழைத்துவந்து, அவர் கையால் சிவப்பு மையில் அந்தப் புள்ளியை இடச் செய்வார்கள். அந்தக் கணத்திலிருந்து அது வெறும் மரமன்று. இறந்தவர் அதில் வந்து தங்கிவிட்டார். பிறைக்கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அதன் முன்னே ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் 'சிங்-மிங்' நாளில் குடும்பத்தார் அனைவரும் இடுகாட்டுக்குச் சென்று, கல்லறையில் முளைத்த புல்லை அகற்றி, உணவு படைத்து, காகிதப் பணத்தை எரித்து, பிறகு படைத்ததைக் கூடி உண்டு திரும்புகிறார்கள்.

தேவர்களைப் பற்றிக் கன்பூசியஸ் அதிகம் பேசினவர் அல்லர். மறுமையைக் குறித்து அவர் சித்திரம் எதுவும் தீட்டிக் காட்டவில்லை. பெற்றோரிடம் காட்டும் பக்தியே எல்லா அறத்துக்கும் வேர் என்பதுதான் அவர் மரபின் சாரம். அந்த அறத்தை ராஜாங்கமே சட்டமாக்கியது. தாயோ தகப்பனோ இறந்தால், எவ்வளவு உயர்ந்த பதவியிலிருந்தாலும் அதிகாரி தம் உத்தியோகத்தை விட்டு வீடு சென்று 27 மாதம் துக்கம் காக்க வேண்டும். மறைத்தால் தண்டனை. ராஜ்யத்தின் காரியத்தைவிட இறந்த தகப்பனின் காரியம் முந்தியது என்று ராஜ்யமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புத்த தர்மம் பட்ட பாடு

இத்தகைய தேசத்துக்குள் புத்த தர்மம் நுழைந்தபொழுது என்ன நேர்ந்திருக்கும் என்று நேயர்கள் ஊகிக்கலாம். தலையை மழித்துக்கொள்வது, வீட்டைத் துறப்பது, மணம் செய்துகொள்ளாமல் வம்சத்தை நிறுத்திவிடுவது ஆகிய மூன்றும் சீனரின் செவியில் நாராசம் போல் விழுந்தன. பெற்றோர் அளித்த உடலின் மயிரைக்கூடச் சேதப்படுத்தலாகாது என்பது அவர்கள் கொள்கை. பிள்ளை பிக்ஷுவானால் பாட்டனார் பலகைக்கு ஊதுபத்தி ஏற்றுவது யார்?

பிக்ஷுக்கள் இதற்கு வாதத்தால் மாத்திரம் விடை கூறவில்லை. கதையால் விடை கூறினார்கள். புத்தரின் சீடரான மௌத்கல்யாயனரை அவர்கள் மூ-லியென் என்று அழைத்தார்கள். அவர் தம் தாயார் பிரேத லோகத்தில் பசியால் துடிப்பதை ஞான திருஷ்டியில் கண்டார். சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். அது அவள் வாயருகே தணலாக மாறிற்று. ஏழாம் மாதத்துப் பௌர்ணமியன்று துறவிகளின் கூட்டத்துக்கு அன்னமிட்டால் அந்தப் புண்ணியத்தால் அவள் கரையேறுவாள் என்று புத்தர் அருளினார். துறவியான பிள்ளைதான் தாயைக் காப்பாற்ற வல்லவன் என்பதை இந்தக் கதை நிலைநாட்டிவிட்டது. அன்று முதல் ஏழாம் மாதப் பௌர்ணமி, திக்கற்ற ஆவிகளுக்கெல்லாம் உணவு படைக்கும் பெரிய திருநாளாயிற்று. இந்த வாசல் வழியாகப் புத்த தர்மம் சீனர் வீட்டுக்குள் புகுந்தது.

அரண்மனையின் வாசல் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. துறவி அரசனை வணங்க வேண்டியதில்லை என்று கி.பி. 404-ல் ஹுய்-யுவான் என்னும் ஆசாரியர் துணிந்து எழுதினார். 819-ல் புத்தருடையதாகக் கருதப்பட்ட விரல் எலும்பைத் தலைநகருக்கு ஊர்வலமாகக் கொண்டுவரச் சக்கரவர்த்தி ஏற்பாடு செய்தபொழுது, ஹான் யூ என்னும் பெரும் புலவர் அதைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினார். அவர் தலை தப்பியதே பெரிது. தென்கோடிக்கு நாடு கடத்தப்பட்டார். இருபத்தாறு வருஷத்துக்குள் காற்று மாறி வீசிற்று. 845-ல் வேறொரு சக்கரவர்த்தி 4,600 மடங்களை இடிக்கவும், 2,60,500 பிக்ஷு பிக்ஷுணிகளைக் குடும்ப வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பவும் உத்தரவிட்டார். மடங்களின் நிலமும் செம்பும் வெண்கலமும் கஜானாவுக்குப் போயின. தர்ம விசாரம் ஒருபுறம் இருக்க, வரி கட்டாத நிலமும் வேலைக்கு வராத ஆட்களும் பெருகியதே அரசனின் மனத்தை உறுத்திற்று என்பது வெள்ளிடை மலை.

தெய்வங்களுக்குப் பதவி உயர்வு

பூமியில் இருக்கும் ராஜாங்கத்தைப் போலவே வானுலகிலும் ஒரு ராஜாங்கம் இருக்கிறது என்பது சீனரின் நம்பிக்கை. வயலுக்கும் தெருவுக்கும் ஒரு சிறு பூமி தேவதை உண்டு. அவர் கிராம முன்சீப் மாதிரி. நகரத்துக்கு ஒரு நகரக் காவல் தெய்வம் உண்டு. அவர் ஜில்லா அதிகாரிக்குச் சமானம். புதிதாக வரும் அதிகாரி முதலில் அந்தத் தெய்வத்தின் சந்நிதியில் வணங்கிய பிறகே பதவி ஏற்பது வழக்கம். மழை பெய்யாவிட்டால் விக்கிரகத்தை வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்துவிடுவதும் உண்டு. ஜனங்கள் படும் தாபத்தை அவரும் கொஞ்சம் அனுபவித்துப் பார்க்கட்டுமே!

தெய்வங்களுக்குப் பட்டமளிக்கும் உரிமை சக்கரவர்த்தியைச் சேர்ந்தது. கி.பி. 220-ஐ ஒட்டி மாண்ட குவான் யூ என்னும் போர்வீரர், விசுவாசத்தின் வடிவமாகப் போற்றப்பட்டு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பட்டம் உயர்ந்து, மிங் வம்ச காலத்தில் 'சக்கரவர்த்தி' என்ற நிலையையே அடைந்துவிட்டார். பூகியென் கரையில் செம்படவர் குலத்துக் கன்னியாக 960-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் மா-சூ என்பவள், கடலில் தத்தளிப்போரைக் காக்கும் தாயாகி, படிப்படியாக 'வானுலக அரசி' ஆனாள். ஜனங்கள் அன்பினால் கும்பிட்டார்கள். ராஜாங்கம் அந்த அன்பின் மேல் தன் முத்திரையைக் குத்தியது. எல்லாவற்றுக்கும் மேலான வானத்தை வழிபடும் உரிமையைச் சக்கரவர்த்தி தமக்கே வைத்துக்கொண்டார். பெய்ஜிங் நகரில் 1420-ல் கட்டப்பட்ட வான ஆலயத்தில், தக்ஷிணாயனம் முடியும் நாளில் அவர் ஒருவரே அதைச் செய்யலாம். முடியாட்சி 1912-ல் ஒழிந்தது. 1914-ல் ஜனாதிபதி யுவான் ஷி-காய் அதே சடங்கை மறுபடி நடத்தியபொழுது, அவர் மனம் சிம்மாசனத்தை நாடுகிறது என்று ஊரார் உணர்ந்துகொண்டார்கள்.

புதுச்சேரி வழியாகச் சென்ற தீர்ப்பு

சீனரின் முன்னோர் வழிபாட்டுக்கு ரோமாபுரியிலிருந்து தீர்ப்பு வந்த கதை விசித்திரமானது. அந்தக் கதை தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்கிறது. 1601-ல் பெய்ஜிங்கை அடைந்த மத்தேயு ரிச்சி என்ற பாதிரியார், முன்னோர் பலகைக்கு வணங்குவது குடும்ப மரியாதையே என்று கொண்டு, கிறிஸ்தவரான சீனர் அதைத் தொடர்ந்து செய்ய இடங்கொடுத்தார். மற்றப் பாதிரிமார் பலர் அதை விக்கிரக ஆராதனை என்று சாடினார்கள். சச்சரவைத் தீர்க்கப் போப்பரசர் தூர்னோன் என்னும் பிரதிநிதியை அனுப்பினார். அவர் 1703-ல் முதலில் வந்து இறங்கிய இடம் புதுச்சேரி. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் இடுவதையும், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி அணிவதையும், இவை போன்ற வேறு வழக்கங்களையும் 1704-ல் அங்கிருந்தே தடைசெய்துவிட்டுத்தான் அவர் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்.

காங்-ஷி சக்கரவர்த்தி முதலில் அவரை உபசரித்தார். பிறகு, சீன வழக்கங்களைக் குறை கூறிய ஒரு பிஷப்பை வரவழைத்து, சிம்மாசனத்துக்கு மேலே எழுதியிருந்த நான்கு எழுத்துக்களைப் படிக்கச் சொன்னார். பிஷப்புக்கு ஒன்றுதான் தெரிந்தது. எழுத்தறியாதவர் எங்கள் சாஸ்திரத்துக்குப் பொருள் கூறுவதா என்று சக்கரவர்த்தி சீறியதில் வியப்பில்லை. ரோமாபுரி 1715-லும் 1742-லும் தடையை உறுதிப்படுத்தியது. சீனாவில் கிறிஸ்தவப் பிரசாரத்துக்குக் கதவு அடைபட்டது. தமிழ்நாட்டு வழக்கங்களைப் பற்றிய தீர்ப்பும் 1744-ல் முடிவாக வந்தது. சீனக் கிறிஸ்தவர் தம் முன்னோருக்கு மரியாதை செய்யலாம் என்று ரோமாபுரி அனுமதி அளித்தது 1939-ல். இடையில் இரண்டு நூற்றாண்டுகள் எத்தனை குடும்பங்கள், தகப்பனையா தேவனையா என்று தத்தளித்திருக்கும்!

சொந்தப் பிள்ளைகளே எழுந்தபொழுது

அயலார் செய்ததைவிடப் பெரிய மாற்றத்தைச் சீனரின் சொந்தப் பிள்ளைகளே செய்தார்கள். அந்நியரிடம் அடுத்தடுத்துத் தோற்ற தேசம், தன் பலவீனத்தின் காரணத்தைத் தேடிற்று. பத்துக் கோயில்களில் ஏழைப் பள்ளிக்கூடமாக்கலாம் என்று 1898-ல் சாங் சி-துங் என்ற பெரிய அதிகாரி எழுதினார். கன்பூசிய நூல்களில் தேர்ச்சி பெற்றவரையே உத்தியோகத்தில் அமர்த்திய பழைய பரீக்ஷை 1905-ல் நிறுத்தப்பட்டது. எந்தத் தெய்வங்களை வைத்துக்கொள்ளலாம், எவற்றை நீக்கலாம் என்று 1928-ல் தேசியக் கட்சி சர்க்கார் விதிமுறையே வெளியிட்டது. கல்வி வேண்டும், மூடப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று அவர்கள் கொண்ட ஆவல் தூயது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிழவி ஊதுபத்தி ஏற்றும் இடத்தில் குமாஸ்தா பட்டியலோடு நின்றால் அவள் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1927-ல் மா சே-துங், ஹூனான் மாகாணத்துக் குடியானவர்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், சீனரைக் கட்டியுள்ள கயிறுகள் ராஜாங்கம், குலம், தெய்வம், கணவன் என்ற நான்கின் அதிகாரங்கள் என்றார். 1949-ல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிலச் சீர்திருத்தத்தில் கோயில் நிலமும் குலப் பொது நிலமும் பங்கிடப்பட்டன. 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் 'நான்கு பழமைகளை' ஒழிக்கச் செங்காவல் மாணவர்கள் புறப்பட்டார்கள். கன்பூசியஸின் ஊராகிய சூஃபூவில் அவர் வம்சத்தாரின் கல்லறைகளைத் தோண்டினார்கள். ஹான் யூ கண்டித்த அந்த விரல் எலும்பு இருந்த பாமென் கோயிலுக்கும் வந்து தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கிருந்த வயோதிக பிக்ஷு ஒருவர், தம் உடலுக்குத் தாமே தீ வைத்துக்கொண்டு கோபுரத்தின் முன்னே மாண்டார். மாணவர்கள் திரும்பிப் போனார்கள். 1981-ல் மழையில் அந்தக் கோபுரம் பாதி இடிந்தது. 1987-ல் அஸ்திவாரத்தைச் செப்பனிட முற்பட்டபொழுது, 874-ல் மூடிய நிலவறை அப்படியே இருந்தது. உள்ளே பொற்பேழைகளுக்குள் விரல் எலும்பு பத்திரமாக இருந்தது.

வீடுகளில் என்ன ஆயிற்று? பலகைகளை எரித்தவர்கள் உண்டு. பெட்டிக்கடியில் ஒளித்தவர்களும் உண்டு. அடுப்பங்கரைத் தெய்வத்தின் இடத்தில் தலைவர் படத்தை மாட்டினார்கள். ஆனால் சிங்-மிங் நாள் வந்தபொழுது கல்லறைப் பக்கம் கால்கள் தாமே நடந்தன.

இன்று

1982-க்குப் பிறகு சர்க்கார் பிடியைச் சிறிது தளர்த்தியது. புத்தம், தாவ், இஸ்லாம், கத்தோலிக்கம், புராடெஸ்டண்டு என்ற ஐந்தை மாத்திரம் அது மதங்களாக அங்கீகரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சர்க்காருக்கு உட்பட்ட சங்கம் உண்டு. கோடிக்கணக்கான ஜனங்கள் செய்யும் வீட்டு வழிபாடும் கிராம தேவதை வழிபாடும் அந்தப் பட்டியலிலேயே இல்லை! 2008 முதல் சிங்-மிங் நாள் பொது விடுமுறை ஆகியிருக்கிறது. மா-சூ வழிபாடு 2009-ல் உலகக் கலாசாரச் செல்வங்களின் வரிசையில் சேர்ந்தது. ஆனால் பழைய சிம்மாசனத்தின் சுபாவம் மறைந்துவிடவில்லை. திபெத்திய லாமாக்கள் மறுபிறவி எடுப்பதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டும் என்று 2007-ல் விதி பிறந்தது. மறுபிறவியையே நம்பாத சர்க்கார் அதற்கு அனுமதிச் சீட்டு வழங்குகிறது. தெய்வங்களுக்குப் பட்டமளித்த சக்கரவர்த்திகள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள். சின்ஜியாங் முஸ்லிம்களும் திபெத்தியரும் இந்தக் கண்டிப்பின் பாரத்தை மிக அதிகமாகச் சுமக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் குறிக்க வேண்டியிருக்கிறது.

சீன ஜனங்களின் உள்ளம் எத்தகையது என்பதற்கு ஒரு சிறு காட்சி. சுவான்-சோவ் துறைமுகத்தில் தமிழ் வர்த்தகர்கள் 13-ம் நூற்றாண்டில் சிவாலயம் எடுத்திருந்தார்கள். 1281-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. வணிகர்கள் போய்விட்டார்கள், கோயில் அழிந்தது, சிற்பங்கள் சிதறின. அவற்றில் நான்கு கைகளுடைய தேவி ஒருத்தியின் சிலை பக்கத்துக் கிராமத்துச் சிறு கோயிலுக்கு வந்து சேர்ந்தது. கிராமத்தார் அவளைக் கருணைத் தெய்வமான குவான்-யின் வடிவமாகவே கருதி ஊதுபத்தி ஏற்றி வருகிறார்கள். அந்தக் குவான்-யினோ, நம் தேசத்து அவலோகிதேசுவரர் என்னும் ஆண் போதிசத்வர் சீனாவில் தாயுருக் கொண்ட வடிவம். அநாதையாக வந்த அயல் தெய்வத்தையும், "நம் வீட்டில் இரு, அம்மா!" என்று ஏற்றுக்கொண்ட ஜனங்கள் அவர்கள்.

முன்னோர் பலகைக்கு இப்பொழுது வந்திருக்கும் சோதனை அரசனாலும் அன்று, மாணவராலும் அன்று. 1980 முதல் 2015 வரையில் பெரும்பாலான நகரக் குடும்பங்களுக்கு ஒரே குழந்தை என்ற சட்டம் நடந்தது. இளைஞர்கள் வேலை தேடித் தொலைதூர நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்து வீட்டில் கிழவனும் கிழவியும் பலகையும் மிஞ்சியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைதான் ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்பது பழைய விதி. ஒரே பெண்ணைப் பெற்ற வீட்டில் என்ன செய்வது?

விடையைச் சாஸ்திரம் சொல்லவில்லை, ராஜாங்கமும் சொல்லவில்லை. சிங்-மிங் நாளில் ரெயிலேறி ஊருக்கு வந்து, தகப்பனார் கல்லறையின் புல்லைத் தன் கையால் அகற்றி, ஊதுபத்தி ஏற்றி வணங்கும் பெண்கள் சொல்லுகிறார்கள். மூன்று போதனைகளையும் ஒரே கூரையின் கீழ் வாழவைத்த அந்த வீடு, தன் மகளுக்கும் அந்தப் பலகையின் முன்னே இடம் கொடுத்துவிட்டது. அவ்வாறு இடம் கொடுக்கும் வரையில் அந்த விளக்கு அணைய வேண்டிய அவசியமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.